ஓரத்தில் நின்றவர்

லோயர் கேம்ப்பில் என் தாய்மாமன் வீட்டு வாசலில் நின்று மலைப்பக்கம் நோக்கினால், சரிவில் நான்கு பெருங்குழாய்கள் இறங்கி வருவது தெரியும். தேக்கடியில் சுரங்கத்துள் நுழையும் முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் கடந்து, அந்தக் குழாய்களின் வழியே கீழே பாய்ந்து, 1958 முதல் இயங்கிவரும் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நாடிச் செல்கிறது. அந்த நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் என் மாமு. எத்தனை இயந்திரங்கள் ஓடுகின்றன என்பதைத் திண்ணையில் அமர்ந்தவாறே காதால் அறிந்து சொல்வார்கள். "இன்னைக்கு ரெண்டு மிசினுதான் ஓடுது" என்பார்கள். மறுநாள் விசாரித்தால் அது சரியாகவே இருக்கும்.

மாமு படத்துக்கு நிற்கமாட்டார்கள். அது அவர்களுடைய தந்தையார் காலத்திலிருந்து வந்த பேணுதல். பிறர் எடுத்துக்கொள்வதை அவர்கள் தடுத்ததில்லை. படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததுமில்லை. "உன் தொழிலுக்குப் பரக்கத் கெடைக்க நான் துஆச் செய்றேன் மாப்ளே. ஆனா, உன் கேமராவுக்கு முன்னால மட்டும் என்னைக் கூப்பிடாதே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வேலைக்கென்றும் ஹஜ்ஜுக்கென்றும் கட்டாயத்தின் பேரில் எடுத்த இரண்டொரு சிறு படங்களே அவர்களுக்கு உண்டு. அவற்றிலும் ஏதோ விசாரணைக்கு நிறுத்தப்பட்டவர்கள்போல விறைத்து நிற்பார்கள்.

கம்பத்தில் நான் நடத்தும் ஸ்டுடியோ என் அத்தா தொடங்கியது. 120 பிலிம் காலத்துக் கைத்திறன் அவர்களுடையது. குடும்பப் படம் எடுக்குமுன் அத்தா நாற்காலிகளை நேர் வரிசையாகப் போடமாட்டார்கள். இரு நுனியும் சற்று முன்னே வருமாறு, கேமராவை நோக்கிய பிறைபோல வளைத்துப் போடுவார்கள். பிறகு வரிசையின் இரு கோடிகளுக்கும் தாமே நடந்து சென்று, அங்கே நிற்பவர்களின் தொப்பியையும் முந்தானையையும் சரிசெய்துவிட்டுத் திரும்புவார்கள். நடுவில் இருப்பவர்களை அவ்வளவாகக் கவனிக்கமாட்டார்கள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டு ஓரத்து உறவினரைக் கவனிக்கிறார்களே என்று சிறுவயதில் எனக்கு வியப்பாக இருக்கும். அது வெறும் பழக்கம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

2018ஆம் ஆண்டில், சீட்டு எடுத்த பணத்தோடு கையிருப்பையும் சேர்த்து நிக்கான் டி850 கேமரா வாங்கினேன். அதற்கு முன் என்னிடமிருந்தது 12 மெகாபிக்சல், புதியது 45.7 மெகாபிக்சல். ஏறத்தாழ நான்கு மடங்கு! கடைத்தெருவில் சந்தித்தவர்களிடமெல்லாம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். உண்மையில் படத்தின் பரப்பில்தான் நான்கு மடங்கு. அகலத்தில் எண்ணினால் 4256 புள்ளி 8256 புள்ளியாகிறது. இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவு. இந்தச் சிறு கணக்கைக்கூட நான் அப்போது போட்டுப் பார்க்கவில்லை. கேமராவுக்கே பணம் தீர்ந்துவிட்டதால், பழைய கேமராவில் மாட்டியிருந்த ஜூம் லென்ஸையே புதியதிலும் மாட்டிக்கொண்டேன். அது எந்த நிறுவனத்தின் லென்ஸ் என்பது இங்கே தேவையில்லை. ஏனெனில் அதன் குற்றத்தில் பெரும்பகுதி என்னுடையது. 2016இல் ஒரு கல்யாண வீட்டு மாடிப்படியில் அது என் கையிலிருந்து நழுவி விழுந்தது. கண்ணாடி உடையவில்லை, படமும் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று துடைத்துப் பையில் வைத்தவன், அதன்பின் அதைச் சோதித்துப் பார்க்கவேயில்லை.

2019 ஜனவரியில் மாமுவின் மூத்த பேத்திக்கு நிக்காஹ். விருந்து முடிந்து, உறவினரில் நெருங்கியவர்கள் பதினேழு பேர் லோயர் கேம்ப் வீட்டு முற்றத்தில் இரண்டு வரிசையாக நின்றார்கள். பின்னணியில் மலையும் நான்கு குழாய்களும். முற்றம் குறுகியது, வாசலுக்கு வெளியே சாலை. நான் மூன்றரை மீட்டர் தூரத்தில் சுவரோடு சாய்ந்து, ஜூமை 24 மில்லிமீட்டருக்குத் திருப்பி எல்லோரையும் அடக்கினேன். அந்த நேரத்தில் நான்கு வயதுக் கடைசிப் பேத்தி, திண்ணையில் இருந்த மாமுவின் விரலைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். "நன்னா வந்தாத்தான் நான் நிப்பேன்" என்று ஒரே பிடிவாதம். மாமு என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். பிறகு இடது கோடியில், எல்லோருக்கும் கடைசியாய்ப் போய் நின்றார்கள். குழந்தை ஏதோ சொல்ல, குனிந்து சிரித்தார்கள். முன்பல் விழுந்த சிரிப்பு. நான் பொத்தானை அழுத்தினேன். மேகம் மூடி வெளிச்சம் குறைந்திருந்ததால் துவாரம் எஃப் 4. ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்தேன். மூன்றாவதற்குள் மாமு திண்ணைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அவ்வாண்டு ஐப்பசி மழையில் மாமு வஃபாத்தானார்கள்.

மாமியின் இத்தாக் காலம் முடிந்த பிறகு, துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த மாமு மகன் என்னிடம் வந்து, "மச்சான், அத்தா சிரிச்சுக்கிட்டு இருக்கிற படம் உங்கிட்ட இருக்குன்னு அம்மா சொல்லுது. அத்தாவை மட்டும் தனியாப் பிரிச்சுப் பெருசாப் போட்டுக் கொடுங்க. பிள்ளைகளுக்கு நாளைக்கு முகம் தெரியணுமில்ல" என்றார். பாஸ்போர்ட் படம் அவர்களுக்கு வேண்டாமாம். அது அத்தா மாதிரியே இல்லையாம்.

இது எளிய வேலை என்று எண்ணினேன். கணக்குப்படி மாமுவின் முகம் நெற்றியிலிருந்து தாடி நுனிவரை ஏறத்தாழ 400 புள்ளிகள். இரண்டு அங்குல உயர முகமாக அச்சிட அது தாராளமாகப் போதும். கணினியில் படத்தைத் திறந்து முழு அளவுக்குப் பெரிதாக்கினேன். நடுவே மணமகளின் தந்தை அணிந்திருந்த சட்டையின் பொத்தான் துளையில் நூலிழை தெரிந்தது. அங்கிருந்து இடப்புறம் நகர்ந்தேன். ஒவ்வொரு முகமாகக் கடக்கக் கடக்கப் படம் கரைந்துகொண்டே வந்தது. கோடிக்கு வந்து சேர்ந்தபோது, மாமுவின் இமையும் விழியும் ஒன்றோடொன்று கலந்து இரண்டு நிழல்களாய் இருந்தன. வெண்தாடியின் ஒரு விளிம்பில் ஊதா நிறமும் மறு விளிம்பில் பச்சையும் கசிந்திருந்தன. முகமே பக்கவாட்டில் சற்று இழுபட்டிருந்தது. இரண்டாவது படத்தையும் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இக்காலத்தில் மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் கணினிச் செயலிகள் இருக்கின்றனவே என்று வாசகர்கள் கேட்கலாம். நான் தயங்கிக்கொண்டிருந்த நாட்களில் மாமு மகன் தாமே அதையும் செய்து பார்த்துவிட்டார். ஒரு நிமிடத்தில் கண் பளிச்சென்று, இமை மயிர் தனித்தனியாக, தாடி இழை இழையாக ஒரு முகம் வந்தது. வாயில் ஒழுங்கான வெண்பற்கள் வரிசையாக இருந்தன. அதைக் கைப்பேசியில் மாமியிடம் காட்டினார். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். "நல்லாத்தான் இருக்காரு. யாரு இவரு?" என்று கேட்டார்கள். அவர் போனை மெல்லப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தச் செயலிமேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆயிரமாயிரம் முகங்களைக் கற்று, இந்த நிழலுக்குப் பின்னால் இத்தகைய கண் இருக்கக்கூடும் என்று ஊகித்து அது வரைகிறது. லென்ஸ் சேர்த்துக் கொடுக்காத ஒளியை மீட்பது அதன் சக்தியில் இல்லை. மாமுவின் கண்ணிலிருந்து புறப்பட்ட ஒளி அன்று என் கேமராவுக்குள் வரத்தான் செய்தது; ஆனால் உரிய புள்ளியில் விழாமல் அக்கம்பக்கத்தில் சிதறிவிட்டது.

நிற்க. அது ஏன் சிதறியது என்பதை அறியாமல் இன்னொரு லென்ஸ் வாங்குவதில்லை என்று தீர்மானித்தேன். அதற்கு நான் செய்த சோதனையை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். செலவு ஒரு வாரத்துத் தினத்தாள்கள்தான். ஸ்டுடியோவின் பின்சுவரில் தாள்களை இடைவெளியின்றி ஒட்டினேன். கேமராவை முக்காலியில் பூட்டி, சுவருக்கு நேர் எதிரே, ஒரு பக்கமும் சாயாதபடி நிறுத்தினேன். கண்ணாடி அசையும் அதிர்வு கூட வேண்டாமென்று, பின்திரையில் பார்த்து, நடு எழுத்தைப் பெரிதாக்கிக் குவியம் வைத்து, எஃப் 4, 5.6, 8, 11 என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். தமிழ் எழுத்தைப்போல லென்ஸைச் சோதிக்க வல்ல வேறொன்று உண்டா என்று அன்றுதான் தோன்றிற்று. மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் சின்னஞ்சிறு புள்ளி இருக்கிறதா, இல்லையா? ணகரத்தின் சுழி மூன்றா, இரண்டா? எஃப் 4இல் நடுப்பகுதியில் ஒரு குறையும் இல்லை. வலது ஓரத்தில் சற்று மங்கினாலும் படிக்க முடிந்தது. இடது ஓரத்திலோ மெய்யெல்லாம் புள்ளியிழந்து உயிர்மெய்யாகிவிட்டன; ணகரமும் னகரமும் ஒன்றாகிவிட்டன.

சுவர்தான் கோணலோ என்று கேமராவைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டி மறுபடியும் எடுத்தேன். சுவர் கோணலாயிருந்தால் மங்கல் படத்தின் மறுபக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, படத்தின் அதே இடது ஓரத்தில்தான் நின்றது. ஆகவே கோணல் லென்ஸுக்குள்ளேயே இருந்தது. அந்த மாடிப்படி விழுச்சியில் உள்ளிருக்கும் கண்ணாடிகளில் ஒன்று மைய அச்சிலிருந்து மயிரிழை விலகியிருக்க வேண்டும். 12 மெகாபிக்சல் கேமராவில் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ எட்டரை மைக்ரான் அகலம். அந்தப் பெரிய கட்டங்களிலும் நான் போட்டுக் கொடுத்த சிறிய ஆல்பங்களிலும் அக்குறை ஒளிந்துகொண்டது. புதிய கேமராவின் புள்ளி ஏறத்தாழ 4.3 மைக்ரான்தான். நுண்ணிய சல்லடை உமியைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மாமு அன்று இடது கோடியில் நில்லாமல் வலது கோடியில் நின்றிருந்தால் ஓரளவேனும் தப்பியிருப்பார்கள். மூன்று ஆண்டுகளில் நான் எடுத்த எத்தனை கல்யாணங்களில் எத்தனை இடது கோடி உறவினர்கள் இப்படிப் போனார்களோ! பழைய கோப்புகளைத் திறந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதே சுவரின்முன் இன்னொன்றும் செய்தேன். அத்தா 1980களில் பிலிம் கேமராவுக்கென்று வாங்கிய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று அலமாரியில் கிடந்தது. நிக்கானின் கண்ணாடிக் கேமராக்களில் மாட்டும் வளையம் 1959இலிருந்து ஒரே அளவானது; ஆகையால் பழைய லென்ஸும் புதிய கேமராவில் பொருந்தும். ஆனால் ஓர் எச்சரிக்கை: 1977க்கு முன் வந்தவற்றைத் திருத்தம் செய்யாமல் இவ்வகைக் கேமராக்களில் திணித்தால் கேமராவின் வளையம் சேதமடையக்கூடும். அத்தாவுடையது அதற்குப் பிந்தியது. குவியத்தைக் கையால் திருப்பி, எஃப் 8இல் எடுத்துப் பார்த்தேன். நான்கு மூலைகளிலும் மெய்யெழுத்துகள் தலைப்புள்ளியோடு நின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் கண்ணாடி, இரண்டே வயதான கேமராவுக்கு என் ஜூமைவிட நன்றாக ஈடுகொடுத்தது.

இதில் மாயம் ஏதுமில்லை. 50 மில்லிமீட்டர் லென்ஸுகளில் பெரும்பாலானவை 1896இல் ஜெர்மனியில் பால் ருடால்ஃப் வகுத்த பிளானர் அமைப்பின் வழிவந்தவை. ஒரே குவியத் தூரத்துக்கென்று சில கண்ணாடிகளைக் கோத்துச் சீராக்குவது, 24 முதல் 100வரை எல்லாவற்றையும் ஒரே குழலுக்குள் திருப்திப்படுத்துவதைவிட எளிது. ஜூம் லென்ஸ் பல வேலை செய்யும் ஆள். நல்ல ஜூம்கள் இருக்கின்றன, ஆனால் அந்த நன்மைக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

கண்ணாடிக்குள் ஒளி எப்படி வளைகிறது என்று ஆராயப் புகுந்தபோது என் மகனுக்குச் சொல்லக் கிடைத்த செய்தி ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது வளையும் விதியை அவன் பாடநூல் ஸ்நெல் விதி என்கிறது. ஸ்நெல் 17ஆம் நூற்றாண்டினர். அதே உறவைப் பாக்தாதில் இப்னு ஸஹ்ல் 984ஆம் ஆண்டிலேயே ஒளியைக் குவிக்கும் லென்ஸுகளைப் பற்றிய தம் நூலில் பயன்படுத்தியிருக்கிறார். அவருக்குச் சற்றுப் பின்வந்த இப்னுல் ஹைதம், கெய்ரோவில் எழுதிய கிதாபுல் மனாஸிரில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணில் புகுவதால்தான் பார்வை உண்டாகிறது என்பதைச் சோதனைகளால் நிறுவினார். அந்நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் அச்சாயிற்று. என் மகன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நம்மாளுங்க கண்டுபிடிச்சதை நாம ஏன் மாடிப்படியில போட்டோம்?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

இனி லென்ஸைத் தெரிவு செய்த கதைக்கு வருகிறேன். மெகாபிக்சல் மிகுந்த கேமராவுக்கு எந்த லென்ஸும் பொருந்தும். எந்த லென்ஸும் ஈடுகொடுக்கும் என்பதுதான் பொய். 2012இல் 36 மெகாபிக்சல் டி800 வந்தபோது, அதை ஆக்கிய நிறுவனமே இன்னின்ன லென்ஸுகள் ஏற்றவை என்று தன் நுணுக்கக் கையேட்டில் பட்டியலிட்டுக் கொடுத்தது. அடுத்த ஆண்டில் சைஸ் நிறுவனம் ஓட்டஸ் 55 மில்லிமீட்டர் என்று ஒன்றை இத்தகைய கேமராக்களை மனத்திற்கொண்டே வெளியிட்டது. அப்போது அதன் விலை அமெரிக்காவில் ஏறத்தாழ 4000 டாலராக இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்க்கும் யோகமும் எனக்கு வாய்க்கவில்லை; அதற்காக வருந்தவுமில்லை. பெரும்பாலோர் செய்யும் பிழை, துவாரம் எவ்வளவு அகலமாகத் திறக்கும், நடுவில் எவ்வளவு கூர்மை என்ற இரண்டை மட்டும் பார்த்து வாங்குவது. நடுப்பகுதி எல்லா லென்ஸிலும் ஏறக்குறைய நன்றாகவே இருக்கும். நீங்கள் எந்தத் துவாரத்தில் வேலை செய்யப் போகிறீர்களோ அந்தத் துவாரத்தில் ஓரம் எப்படி என்று பார்க்க வேண்டும். அதுவும் உங்கள் கையிலுள்ள அந்த ஒரு லென்ஸில் பார்க்க வேண்டும். ஏனெனில் ஒரே பெயருள்ள இரண்டு லென்ஸுகள்கூட ஓரத்தில் வேறுபடுவதுண்டு.

என் வேலை என்ன? கூட்டுப் படம், முகப் படம். அவற்றுக்கு 24 மில்லிமீட்டரே வேண்டியதில்லை. அவ்வளவு அகலக் கோணத்தில், லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததாயினும், கோடியில் நிற்பவர் முகம் பக்கவாட்டில் இழுபடும். அது வடிவ கணிதம், பணத்தால் தீராது. அன்று அந்தப் பதினேழு பேரையும் 50 மில்லிமீட்டரில் அடக்க ஏழு மீட்டருக்குச் சற்று மேல் விலகி நின்றால் போதும். 85 மில்லிமீட்டரில் பன்னிரண்டு மீட்டர். வாசலைத் திறந்து சாலையின் எதிர்ப்புறம் போயிருந்தால் முடிந்திருக்கும் காரியம். எனவே இரண்டு ஜூம்கள் வாங்கும் ஆசையை விட்டு, எஃப் 1.8 திறப்புள்ள 50, 85 என்ற இரண்டை மட்டும் வாங்குவதென்று முடிவு செய்தேன். உயர்தர ஜூம் ஒன்று லட்சத்தைத் தாண்டும். இந்த 50 அதன் பத்தில் ஒரு பங்குக்கு வந்தது. வாங்குமுன் மதுரையில் இரண்டையும் வாடகைக்கு எடுத்து வந்து, அதே தினத்தாள் சுவரில் ஒட்டிய எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். பறவையும் விலங்கும் எடுக்கும் நண்பர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் உலகம் வேறு, செலவும் வேறு.

துவாரத்தைப் பற்றியும் ஒரு சொல். கூர்மை வேண்டும் என்று எண்ணி எஃப் 16, 22 என்று மூடிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கிறேன். பிலிம் காலத்தில் நானும் செய்ததுதான். சிறு துளையில் புகும் ஒளி விளிம்பு விளைவால் பரவும். பச்சை ஒளியைக் கொண்டு கணக்கிட்டால், எஃப் 8இல் ஒரு புள்ளி ஒளி ஏறத்தாழ 11 மைக்ரான் வட்டமாகிறது. எஃப் 16இல் 21 மைக்ரான், அதாவது இந்தக் கேமராவின் ஐந்து கட்டங்களின் அகலம். விலை எவ்வளவாயினும் எந்த லென்ஸும் இதிலிருந்து தப்பாது. கூட்டுப் படத்துக்கு எஃப் 8 போதும்: ஓரமும் தேறும், இரண்டு வரிசையும் குவியத்துக்குள் அடங்கும். கை நடுக்கத்துக்கும் பழைய விதி போதாது. 50 மில்லிமீட்டருக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று அத்தா சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கேமராவில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்குக்குக் கீழே நான் முக்காலி இல்லாமல் எடுப்பதில்லை.

அத்தாவின் பிறை வரிசைக்கும் அப்போதுதான் பொருள் விளங்கிற்று. பழைய லென்ஸுகளில் குவியம் தட்டையான பரப்பில் விழாது. ஓரங்களில் கேமராவை நோக்கி வளைந்திருக்கும். கோடியில் நிற்பவர்களைச் சற்று முன்னே கொண்டுவந்தால் அவர்கள் அந்த வளைவுக்குள் வந்து தெளிவாக விழுவார்கள். புத்தகத்தில் படித்தோ பட்டறிந்தோ, அத்தாவுக்கு அது தெரிந்திருக்கிறது. புதிய லென்ஸுகளில் வளைவு குறைவாதலால் நேர் வரிசையே பெரும்பாலும் சரிப்படும். ஆனாலும் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒருமுறை சோதித்து அறிந்துகொள்வது நல்லது.

கண்ணாடிக் கேமராக்களில் புதியவை வருவது ஏறத்தாழ நின்றுவிட்டது. 2018க்குப் பின் நிறுவனங்கள் கண்ணாடியில்லாக் கேமராவுக்கு மாறிக்கொண்டன. அதனால் அவற்றின் நல்ல லென்ஸுகள் இப்போது பழைய விலைக்குக் கைமாறுகின்றன. நம் போன்றோருக்கு இது நல்ல காலம். ஆயினும் இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு பருவ மழையும் மலை மூட்டமும் உண்டு. பழைய லென்ஸை வாங்குமுன், பின்புறம் கைவிளக்கை அடித்து உள்ளே சிலந்தி வலைபோல் பூசணம் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலும் தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அத்தாவின் 50இல் ஓரமாக ஒரு பூசண நூல் இருக்கிறது. இன்னும் படத்தில் தெரியவில்லை. ஆனால் அது எந்நேரமும் என் கண்ணில் படுகிறது.

புதிய லென்ஸுகள் வந்த பிறகு ஒருநாள் லோயர் கேம்ப் போய்ச் சாலையில் நின்று குழாய்களை எடுத்தேன். நிலையத்துக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை, வெளியிலிருந்துதான். நண்பகலில் எடுத்தபோது குழாய்களின் கோடுகள் நெளிந்தன. ஒரு கணம் நெஞ்சு பதைத்தது, இதுவும் கோணலோ? மறுநாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டு அதே இடத்தில் நின்று எடுத்தேன். நான்கும் நூல் பிடித்தாற்போல் இறங்கின. நண்பகலில் நெளிந்தது லென்ஸ் அல்ல, தார்ச்சாலையிலிருந்து எழுந்த வெப்பக் காற்று.

2022இல், கொரோனாக் காலத்துக்குப் பின் உறவினர் மீண்டும் ஒன்றுகூட முடிந்தது. அதே முற்றம். இம்முறை நான் வாசற் கதவை விரியத் திறந்து, சாலையைக் கடந்து எதிர்த் திட்டில் முக்காலியை ஊன்றினேன். 50 மில்லிமீட்டர், எஃப் 8. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாமிக்காக நடுவில் நாற்காலி போட்டிருந்தேன். மாமி அதில் அமரவில்லை. இடது கோடிக்கு நடந்துபோய் நின்றுகொண்டார்கள். "மாமி, நடுவுல உக்காருங்க, காலு வலிக்கும்" என்று சாலைக்கு அப்பாலிருந்து கூவினேன். "உங்க மாமு நின்ன எடம் இது. நீ எடு" என்றார்கள். நான் சாலையைக் கடந்து சென்று, அவர்களுடைய வெள்ளைத் துப்பட்டியின் முனையைச் சரிசெய்துவிட்டு, வலது கோடிக்கும் போய் அங்கு நின்ற சிறுவனின் தொப்பியை நேராக்கிவிட்டுத் திரும்பினேன்.

ஒரு வாரம் கழித்து, மாமியை மட்டும் பிரித்தெடுத்து அச்சிட்டுக் கொண்டுபோனேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் துப்பட்டியின் ஓரத்தை விரலால் தடவினார்கள். "நான் போட்ட தையலு. தெரியுதே" என்றார்கள்.

பிறகு உள்ளே போய், குடும்ப ஓய்வூதியப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் 2019ஆம் ஆண்டுப் படத்தின் அச்சு ஒன்று, ஆறுக்கு நான்கு அங்குலம், கல்யாணம் முடிந்த வாரத்தில் நான் எல்லோருக்கும் கொடுத்தது. அந்த அளவில் எந்த மங்கலும் கண்ணுக்குத் தெரியவில்லை. இடது கோடியில் மாமு குனிந்து, பேத்தியைப் பார்த்துப் பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதைப் பெருசாக்க வேணாம், மாப்ளே" என்று சொல்லி, மாமி அதை மறுபடியும் புத்தகத்துக்குள் வைத்தார்கள். வெளியே குழாய்களில் நீர் விழும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனை இயந்திரம் ஓடுகிறதென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.